நம் நல்லுணர்ச்சியே அவர்களுடைய கருவி

(விருத்தாசலத்தில், ஆசிரியர்களும் மாணவர்களும் பீங்கான் தொழிலாளர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவு)



1869-ஆம் ஆண்டில், நம் மாவட்டத் தலைநகராகிய கடலூரில், மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் ஒரு வழக்கு விசாரணைக்கு வந்தது. வழக்கைத் தொடுத்தவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர். குற்றம் சாட்டப்பெற்றோருள் ஒருவர், வடலூரில் சத்திய தருமச்சாலையை நிறுவிப் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டு வந்த இராமலிங்க அடிகளார். சிதம்பரம் ஆலயத்தில் கூடிய கூட்டமொன்றில் தம்மை இழித்துரைத்தார்கள் என்பது நாவலரின் முறையீடு. அதற்கு ஈராண்டு முன்னர், 1867-இல், அடிகளாரின் பாடல்கள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் முயற்சியால் ‘திருவருட்பா’ என்னும் பெயரோடு அச்சேறியிருந்தன. தேவார திருவாசகங்களுக்கே உரிய அந்தப் பெருமையைச் சமகாலத்தவர் ஒருவருடைய பாடல்களுக்கு அளிப்பது தகாது என்று நாவலர் தரப்பினர் மறுக்க, ‘போலியருட்பா மறுப்பு’ என்ற நூல் வெளிவர, அதற்கு மறுப்பும், மறுப்புக்கு மறுப்பும், கண்டனமும், கண்டனத்துக்குக் கண்டனமுமாக வளர்ந்த அந்தப் பூசல், இரு பெரியோரும் மறைந்த பின்னரும் ஓயாமல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கதிரைவேற் பிள்ளையும் மறைமலையடிகளும் எதிரெதிரே நின்று வாதிடும் அளவுக்கு நீண்டது. கோட்டாற்றுச் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் பெரும்புலவர் அருட்பாவின் பக்கம் நின்று வாதாடினார் என்பதும் அந்த வரலாற்றில் ஒரு பகுதி.

அக்கண்டன நூல்களை ஆராய்ச்சியாளர் ப. சரவணன் தேடித் தொகுத்திருக்கிறார். அத்தொகுப்பைப் படிப்போர் திகைக்காமல் இருக்க முடியாது. கருத்தை மறுக்கப் புகுந்தவர்கள் ஆளைத் தாக்குகிறார்கள். இலக்கணப் பிழையில் தொடங்கி நடத்தையில் முடிக்கிறார்கள். சான்றோர் என்று நாம் கைகூப்பும் பெயர்களின் நிழலில் வசைமாரி பொழிந்திருக்கிறது. ஆகவே, பண்டைக் காலத்தில் எல்லோரும் பண்போடு வாதிட்டார்கள், கைப்பேசி வந்த பிறகுதான் நாக்குக் கெட்டது என்று சொல்ல நான் இங்கு வரவில்லை. வசை பழையது. ஆனால் அந்தப் பழைய பூசலில் சில கட்டுப்பாடுகள் தாமாகவே அமைந்திருந்தன என்பதை மறந்துவிடலாகாது. மறுப்பு எழுதுவோர் முதலில் எதிரியின் நூலைப் படித்தாக வேண்டும். எழுதியதை அச்சுக்கூடத்துக்கு அனுப்பி, எழுத்துக் கோத்து, பிழை திருத்தி, காகிதம் வாங்கி, கட்டி அனுப்ப நாட்கள் செல்லும். வாசிப்போன் கைக்கு அது வந்து சேர்வதற்குள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவமதிக்கப்பட்டவர் மஞ்சக்குப்பத்துக்கு வந்து, வாதியும் பிரதிவாதியும் ஒரே கூரையின் கீழ் நிற்க நேரும். அடிகளார் நீதிமன்றத்துள் நுழைந்தபோது நாவலரே எழுந்து நின்றார் என்று நம் மக்கள் ஒரு கதை சொல்லி வருகிறார்கள். அது நடந்ததா, அடியார்களின் அன்பு புனைந்ததா என்பதை ஆராய்ச்சியாளர்கள் தீர்க்கட்டும். நேருக்கு நேர் முகம் பார்த்தால் பகை தணியும் என்று நம்பிய ஒரு சமூகத்தின் ஆசை அந்தக் கதையில் இருக்கிறது என்பது மட்டும் உறுதி.

முகம் பாராமல், பெயர் சொல்லாமல், காத்திராமல் பேசும் வசதி இன்று வந்திருக்கிறது. அதனால் விளைந்ததை நாம் தொலைதூரத்தில் தேட வேண்டியதில்லை.

நம் ஊரிலிருந்து சேலம் செல்லும் வழியில் இருக்கிறது வேப்பூர். அதை அடுத்த பெரியநெசலூரைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவி, கள்ளக்குறிச்சி மாவட்டம் கனியாமூரில் தங்கிப் படித்து வந்தவள், 2022 ஜூலை 13-ஆம் நாள் பள்ளி வளாகத்தில் இறந்து கிடந்தாள். அவள் மரணத்தின் காரணத்தைப் பற்றி இம்மேடையில் ஒரு சொல்லும் நான் சொல்லப் போவதில்லை. அது நீதிமன்றத்தின் பணி. பெற்ற தாய் ஐயம் எழுப்பினாள், நீதி கேட்டாள், அது அவளுடைய உரிமை, எந்தத் தாயும் அதைத்தான் செய்வாள். நான் பேச வந்தது அவளைப் பற்றியன்று. அவள் கண்ணீரை எடுத்துக்கொண்டு போனவர்களைப் பற்றி.

அந்த நான்கு நாட்களில் யூடியூபிலும் முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் அந்தச் சிறுமியைப் பற்றி வந்த செய்திகளுக்குக் கணக்கில்லை. ஒருவர் மருத்துவராகி உடற்கூறு விளக்கினார். ஒருவர் துப்பறிவாளராகிச் சுவரின் உயரம் அளந்தார். வேறொருவர் குற்றவாளியின் பெயரையே அறிவித்தார். ‘நீதி’ என்ற சொல்லைத் தாங்கிய வாட்ஸ்அப் குழுக்கள் முளைத்தன. அவை வழியே ஆட்கள் திரட்டப்பட்டதாகக் காவல்துறை பின்னர் கூறியது. 17-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, ஆயிரக்கணக்கானோர் கனியாமூரில் கூடினர். பள்ளிப் பேருந்துகள் எரிந்தன. காவலர் பலர் காயமுற்றனர். வகுப்பறை மேசை நாற்காலிகள் சூறையாடப்பட்டன. அங்குப் பயின்ற மற்றப் பிள்ளைகளின் சான்றிதழ்களும் தீக்கிரையாயின. மறுநாள் சென்னை உயர்நீதிமன்றம் மறு உடற்கூறாய்வுக்கு உத்தரவிட்டது. அதாவது, தாய் கேட்டதில் ஒரு பகுதியை, ஒரு தீக்குச்சியும் கிழிக்காமல், சட்டமே வழங்கிற்று. 23-ஆம் நாள் பெரியநெசலூரில் அவள் அடக்கம் செய்யப்பட்டாள். முந்நூறுக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் பலர் இளைஞர். எடுத்துச் சென்ற பொருள்களைத் திருப்பித் தரும்படி சுற்றுவட்டாரக் கிராமங்களில் தண்டோராப் போட, இரவோடிரவாக மேசைகளையும் நாற்காலிகளையும் சாலையோரத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள் என்று செய்தி வந்தது.

அந்த மேசைகளைத் திருப்பி வைத்தவர்களைப் பற்றி நான் பலநாள் சிந்தித்திருக்கிறேன். தண்டோரா கேட்டு வெட்கி, பொருளைத் திருப்பித் தரும் மனிதன் கள்வனாகப் பிறந்தவனல்லன். அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது கொள்ளையடிக்கவா புறப்பட்டான்? தன் தங்கையைப்போன்ற ஒரு பெண்ணுக்கு அநீதி நேர்ந்துவிட்டது என்ற தவிப்பல்லவா பலரை அங்குக் கொண்டு சேர்த்திருக்கும்? அந்தத் தவிப்பு பொய்யன்று, அது உயர்ந்தது. இங்கேதான் இன்றைய பேச்சின் உயிர்நிலை இருக்கிறது. உணர்ச்சியைக் கிளறிக் காரியம் சாதிப்போர் நம்முடைய தீக்குணங்களைத்தான் தூண்டுகிறார்கள் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆகவே, ‘நான் நல்லவன், நான் ஏமாற மாட்டேன்’ என்று நிம்மதியாக இருக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறானது. அவர்கள் கைவைப்பது நம் பேராசையிலும் பொறாமையிலும் மட்டுமன்று. பிள்ளைப்பாசம், பெண்களின் மானத்தைப் பற்றிய கவலை, எளியோர்மீது இரக்கம், சொந்த மண்ணின்மேல் பற்று ஆகிய நம் மிகச் சிறந்த குணங்களிலே கைவைக்கிறார்கள். கெட்டவனைக் கிளப்பிவிட ஒரு நூறு பேர்தான் கிடைப்பார்கள். நல்லவனைக் கிளப்பிவிட்டால் ஊரே வரும்.

2018 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கும் கூட்டம் இறங்கியிருக்கிறது என்ற வதந்தி வட தமிழ்நாட்டு மாவட்டங்களில் வாட்ஸ்அப் வழியே பரவிக் கிடந்தது. மே 9-ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூர்ப் பக்கம், குலதெய்வம் கும்பிடச் சென்னையிலிருந்து உறவினரோடு காரில் வந்த மூதாட்டி ஒருவர், வழி கேட்க இறங்கியவர், அங்கிருந்த குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அதுதான் அவர் செய்த குற்றம். ஊர் திரண்டு அடித்ததில் அவர் உயிரிழந்தார், உடன்வந்தோர் படுகாயமுற்றனர். அதே வாரத்தில் பழவேற்காட்டிலும் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அடித்தவர்களைத் தூண்டியது எது? தம் குழந்தைகளின்மேல் கொண்ட அன்பு. அந்நாட்களில் இந்தியாவெங்கும் சுற்றிய காணொளி ஒன்றில், மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வார்கள். அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பை வற்புறுத்தி எடுத்த விழிப்புணர்வுப் படம். தூக்கிச் சென்றவர்களே குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு, எச்சரிக்கை வாசகம் எழுதிய அட்டையைக் காட்டுவதோடு அது முடியும். முடிவுப் பகுதியை யாரோ வெட்டி எறிந்தார்கள். குழந்தைகளைக் காக்க எடுத்த படம், கடைசிச் சில நொடிகள் நீங்கியவுடன், மனிதரைக் கொல்லும் சாதனமாயிற்று. ஒரு சொல்லும் புதிதாகச் சேர்க்காமல், இருந்ததில் கொஞ்சத்தை எடுத்துவிடுவதாலேயே இவ்வளவு பெரிய பொய்யை உண்டாக்க முடியும் என்பதை நான் அதிலிருந்துதான் முழுமையாக அறிந்துகொண்டேன்.

2019 ஏப்ரலில், புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதியில், ஒரு சமூகத்துப் பெண்களை இழிவுபடுத்தும் குரல் பதிவு ஒன்று வாட்ஸ்அப்பில் பரவிக் கலவரமாகி, 144 தடையுத்தரவு பிறப்பிக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்ற காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. அவற்றுள் ஒன்று திருப்பூரில் பீகார்த் தொழிலாளர்களே இரு பிரிவாக மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூரார் மோதிக்கொண்டது என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். பீகார் அரசும் அதிகாரிகள் குழுவை அனுப்பி நேரில் விசாரித்தது. அதற்குள், ஊரில் தாய் அழைக்கிறாள், மனைவி அழுகிறாள் என்று மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையங்களுக்குப் போன தொழிலாளர்கள் எத்தனையோ பேர். பெண்ணின் மானம் என்றால் பொன்னமராவதி பொங்கியது. மகனின் உயிர் என்றால் பாட்னாவில் ஒரு தாய் பதறினாள். இருவரிடத்திலும் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

இத்தகைய செய்தி எவ்வாறு கட்டப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். நம் குடும்பக் குழுவில் இரவு பத்து மணிக்கு வரும் குரல் பதிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அனைவரும் இதைப் போன்றதைக் கேட்டிருப்பீர்கள். “அண்ணா, அவசரம், எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க. இதை டிவியில காட்ட மாட்டாங்க. நம்ம சொந்தக்காரர் ஒருத்தர் அந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பாக்குறாரு, அவரு கண்ணால பாத்தது. நீங்களும் பொம்பளப் புள்ளையப் பெத்தவங்கதானே?” நான்கே வாக்கியங்கள். முதல் வாக்கியம் நம்மிடமிருந்து நேரத்தைப் பறிக்கிறது. விசாரிக்க நினைப்பவன் கடமை தவறியவனாகிறான். இரண்டாம் வாக்கியம், நாளை மறுப்புச் சொல்லப்போகிறவனின் வாயை இன்றே அடைத்துவிடுகிறது. பத்திரிகை மறுத்தால், ‘பார், மறைக்கிறார்கள்’ என்று அதுவே சாட்சியாகிவிடும். மூன்றாம் வாக்கியத்தில் ஒரு சாட்சி வருகிறார். அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவு மட்டும் இருக்கிறது. நான்காம் வாக்கியந்தான் கொடியது. செய்தி மெய்யா என்ற கேள்வியை அது முழுவதும் அகற்றிவிட்டு, நீ நல்ல தகப்பனா என்ற கேள்வியை அந்த இடத்தில் வைக்கிறது. நல்ல தகப்பன் என்று நிரூபிக்க ஒரே வழி, கட்டைவிரலால் அனுப்புதல். இவ்வளவு நுட்பமான சொற்பொழிவை எழுதப்படிக்கத் தெரியாத ஒருவன் கூடச் செய்துவிடுகிறான். ஏனென்றால் அவனுக்கு முன் ஆயிரம் பேர் செய்து பார்த்து, எடுபடாதவை உதிர்ந்து, எடுபடுபவை மட்டும் எஞ்சி நிற்கின்றன.

இதில் கம்பெனிகளின் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. 2012 ஜனவரியில், முகநூல் நிறுவனம் ஏறத்தாழ 6,89,000 பயனாளர்களின் பக்கங்களில், ஒரு வார காலம், சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குத் துயரமான பதிவுகளையும் அவர்கள் அறியாமலே குறைத்துக் காட்டிச் சோதனை செய்தது. பிறர் மனநிலை நம்மையும் தொற்றுகிறதா என்று பார்ப்பது நோக்கம். தொற்றியது உண்மை, அளவு மிகச் சிறியது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். 2014-இல் அந்த ஆராய்ச்சி வெளியானபோது உலகம் கொதித்தது. 2017-இல், எந்தப் பதிவை முன்னால் நிறுத்துவது என்று தீர்மானிக்கும் கணக்கில், ஒருவர் கோபக் குறியிட்டால் அதற்கு விருப்பக் குறியைப்போல் ஐந்து மடங்கு மதிப்பளித்தது அதே நிறுவனம், பின்னர்தான் குறைத்தது. கோபம் கொண்டவன் அதிக நேரம் தங்குகிறான்; தங்கும் நேரம் விளம்பரமாகிறது. 2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, ட்விட்டரில் பத்தாண்டுகளுக்கு மேல் பரவிய ஏறத்தாழ 1,26,000 செய்தித் தொடர்களைப் பரிசீலித்து, மெய்ச்செய்தியைக் காட்டிலும் பொய்ச்செய்தி மறுபகிர்வு பெறும் வாய்ப்பு 70 சதவீதம் மிகுதி என்று கண்டது. எந்திரக் கணக்குகளை நீக்கிப் பார்த்தாலும் முடிவு மாறவில்லை. பரப்பியவர்கள் மனிதர்கள். ஆகவே, எல்லாப் பழியையும் எந்திரத்தின் தலையில் வைத்துவிட்டு நாம் கைகழுவ வழியில்லை.

ட்ரோல் செய்வோரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நியாய சாஸ்திரக்காரர் வாதத்தை மூன்று வகையாகப் பிரித்தார்கள்: உண்மையைக் கண்டறியச் செய்வது வாதம், வெல்வதற்கென்றே செய்வது ஜல்பம், தனக்கென்று ஒரு கொள்கையும் இல்லாமல் பிறர் சொல்வதைத் தகர்ப்பது மட்டுமே தொழிலாகக் கொண்டது விதண்டை. பெண் ஒருத்தி எழுதிய கட்டுரையின் கீழ் வந்து அவளுடைய நிறத்தையும் உடையையும் பேசுகிறவனிடம் கொள்கை ஏதும் இல்லை. அவளை அழவைத்து, பிறகு எழுதாமல் செய்துவிட்டால் அவன் வேலை முடிந்தது. வேறொருவன் மிக்க பணிவோடு வருவான். ‘ஐயா, தெரிந்துகொள்ளவே கேட்கிறேன்’ என்று வினா மேல் வினா தொடுப்பான். விடை சொன்னால் படிக்க மாட்டான். சலித்துப்போய் நாம் ஒரு கடுஞ்சொல் சொன்னவுடன் அதைப் படமெடுத்து ஊரெங்கும் காட்டுவான். இவர்கள் தனி ஜாதி மனிதர்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தோம். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் வெளியிட்ட சோதனை அந்த எண்ணத்தை அசைத்துவிட்டது. எளிய கேள்வித்தாளை எழுதி மனம் சமநிலையில் இருந்தவர்கள், நல்ல கருத்துரைகளின் கீழ் எழுதியபோது 35 சதவீதம் பேரும், கடினமான கேள்வித்தாளில் சிக்கி எரிச்சலுற்றவர்கள், ஏற்கெனவே வசை கிடக்கும் இடத்தில் எழுதியபோது 68 சதவீதம் பேரும் இழிந்த கருத்துரை இட்டார்களாம். மேலதிகாரியிடம் திட்டு வாங்கி வந்த மாலையில், முதல் வசையைப் பிறர் எழுதி வைத்திருந்தால், அடுத்ததை எழுதும் கை நம்முடையதாக இருக்கக் கூடும். இதை நான் மாணவ நண்பர்களுக்கே முக்கியமாகச் சொல்கிறேன்.

அப்படியானால் பிறர் மனத்தை மாற்ற முயல்வதே பாவமா? இல்லை. ஆசிரியர் செய்வது அது. வழக்கறிஞர் செய்வது அது. இப்பொழுது நான் செய்துகொண்டிருப்பதும் அதுவே. வள்ளுவர் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையறிதலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். உணர்ச்சியும் விலக்கத்தக்கதன்று, 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய இளைஞர்களை உணர்ச்சியில்லாமல் யார் கூட்டியிருக்க முடியும்? வேறுபாடு எங்கே இருக்கிறதென்றால், நேர்மையாக வற்புறுத்துகிறவன் தன் காரணங்களை மேசைமேல் வைத்து, ‘வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வா’ என்று சொல்லத் துணிகிறான். வஞ்சகன் ஒருபோதும் அப்படிச் சொல்ல மாட்டான், ஏனெனில் ஓர் இரவு தூங்கி எழுந்தால் அவன் சரக்கு விலைபோகாது. விருத்தாசலத்தில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பச்சைக் களிமண்ணில் வனைந்த அகல் கோணலாய்ப் போனால் தண்ணீர் விட்டுக் குழைத்து மறுபடியும் வனையலாம். சூளையிலே வெந்துவிட்ட பின் அது உடையுமேயன்றி வளையாது. கோபத்தில் வெந்துபோன அபிப்பிராயமும் அத்தன்மையதே. அதனால்தான் மறுநாள் வரும் மறுப்புச் செய்தி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எடுபடுவதில்லை. அதற்குள் மனம் இறுகிவிடுகிறது. மறுத்துச் சொன்னவன்தான் பகைவனாகிறான்.

சட்டம் இதற்கு மருந்தாகாதா என்று கேட்பீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66-ஏ என்ற பிரிவு இருந்தது; எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலும் சிறை என்னும் அளவுக்கு அது பரந்து கிடந்தமையால், 2015 மார்ச் 24-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானதென்று நீக்கிற்று. நீக்கியது சரியே. அதிகாரத்திலுள்ளோரைக் கேலி செய்தவனைப் பிடிக்க விரைந்த கை, எளிய பெண்ணை அவமதித்தவனைப் பிடிக்க அவ்வளவு விரையவில்லை என்பதை நாம் கண்டிருக்கிறோம். 2018-இன் கொலைகளுக்குப் பிறகு வாட்ஸ்அப் நிறுவனம், பிறரிடமிருந்து வந்த செய்திக்கு அடையாளம் இட்டு, இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதென்று வரம்பு கட்டிற்று. பயனுள்ள வரம்புதான், ஆனால் ஐவர் ஐவருக்கு அனுப்பினால் சில படிகளில் ஒரு தாலுகா நிறைந்துவிடும்.

நம்மிடமே நல்ல முறை இருக்கிறது. 2015 பெருவெள்ளத்தில் நம் கடலூர் மாவட்டம் பட்ட பாட்டை இந்த அவை அறியும். அப்போது, இன்ன தெருவில் இத்தனை பேர், குழந்தைக்குப் பால் இல்லை, அழைக்க வேண்டிய எண் இது என்று வந்த செய்திகளால் உயிர்கள் பிழைத்தன. அவை ஊர் சொல்லின, பெயர் சொல்லின, தேவை தீர்ந்தவுடன், ‘கிடைத்துவிட்டது, இனி இதை அனுப்ப வேண்டாம்’ என்று தாமே முடிவும் சொல்லின. அந்த முடிவுரையைச் சேர்க்க மறந்த இடங்களில், நாட்கள் சென்ற பின்னும் வேண்டாத பொருள் வந்து குவிந்தது. அதே கைப்பேசி, அதே மக்கள், அதே இரக்கம்.

நம் ஊருக்கு அருகில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில் இருக்கிறது. அங்குப் பிராது கட்டும் வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூரார்க்காகச் சொல்கிறேன். களவு போயிற்று, கடன் வாங்கியவன் ஏமாற்றினான், உறவினர் வஞ்சித்தார் என்று மனம் நொந்தவர்கள், தம் பெயரையும் ஊரையும் குறையையும் ஒரு தாளில் மனுவாக எழுதி, சுவாமியின் சந்நிதியில் வைத்து, முனியப்பர் எதிரில் கட்டிவிட்டு வருகிறார்கள். குறை தீர்ந்தால் மறுபடியும் வந்து பிராதைத் திரும்பப் பெறுகிறார்கள். நம்பிக்கையைப் பற்றி இங்கு நான் வாதிடவில்லை. அந்த முறையின் அமைப்பை மட்டும் பாருங்கள். குற்றம் சாட்டுவோன் தன் பெயரை எழுத வேண்டும். நேரில் வர வேண்டும். தன் கையால் எழுதும்போது என்ன எழுதுகிறோம் என்று ஒருமுறையேனும் எண்ணிப் பார்க்க வேண்டும். எழுதிக் கட்டியபின் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சாட்டிய குற்றத்தைத் திரும்பப் பெறுவதற்கென்றே ஒரு சடங்கு உண்டு. அதில் எவருக்கும் அவமானம் இல்லை. கல்வி பெருகிய நம் சமூக ஊடகத்தில் இந்த ஐந்தில் ஒன்றேனும் உண்டா? திரும்பப் பெறுதல் அறவே இல்லை. பொய்யென்று தெரிந்தவுடன் நம்மில் பெரும்பாலோர் செய்வது, அனுப்பிய செய்தியைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, ‘குட் மார்னிங்’ படம் ஒன்றைப் போட்டுவிடுவது. அந்தப் பொய்யைப் படித்தவர்கள் அதை நம்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால் பெயர் கெட்டவன் கெட்டவனாகவே நிற்கிறான்.

ஆகையால், என் வேண்டுகோள் இதுவே. நெஞ்சை உலுக்கும் செய்தி வந்தால் உலுக்கட்டும். கண்ணீர் வந்தால் வரட்டும். ஆனால் அன்றிரவு அனுப்பாதீர்கள், விடியட்டும். பணம் பறித்தோ மிரட்டியோ அவமதித்தோ யாரேனும் இணைய வழியில் துன்புறுத்தினால், பெண்கள் தனியே அழுதுகொண்டிராமல் வீட்டாரிடம் சொல்லி, காவல்துறையின் சைபர் பிரிவில் புகார் கொடுங்கள். பணமோசடிக்கு 1930 என்ற எண் இருக்கிறது. வீட்டாரே, முதல் வார்த்தையாக ‘நீ ஏன் படம் போட்டாய்?’ என்று கேட்காதிருங்கள். பொய்ச்செய்தியை அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் பெரியப்பாவாக இருந்தாலும், குழுவில் பலர் முன் மடக்காமல், தனியே அழைத்து மரியாதையோடு சொல்லுங்கள். அவர் அதே குழுவில், அதே மக்களுக்கு, ‘நான் அனுப்பியது தவறு’ என்று எழுத உடனிருந்து உதவுங்கள். அப்படி எழுதுகிறவரை எவரும் கேலி செய்ய வேண்டாம். அவருக்கு நன்றி சொல்லுங்கள்.